குழந்தைகளுக்கான மலேரியா நன்கொடை: புகைக்கு வேண்டாம், வலைக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 1897இல் அதே தேதியில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனோபிலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்த நாளை ஒட்டியும், ஐப்பசி மழைக்கு முன்பும், மதுரையில் சங்கங்களும் பழைய மாணவர் குழுக்களும் கொசு ஒழிப்புக்கென்று பணம் திரட்டுவது உண்டு. நல்ல மனதோடு கொடுக்கிற பணம். அதில் ஒரு பங்கு புகை மருந்து அடிக்கும் மெஷின் வாடகைக்கும், பேனருக்கும், கொசுவர்த்திப் பாக்கெட்டுக்கும் போவதுதான் வருத்தம். குழந்தைகளை மலேரியாவிலிருந்து காப்பதற்கென்று யாராவது நூறு ரூபாய் எடுத்து வைத்தால், அது எங்கே போனால் எவ்வளவு வேலை செய்யும் என்பதை, பூச்சியியலும் பொது சுகாதார வேலையும் தெரிந்தவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் எந்தக் கொசு என்பது. செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் பொழுது சாய்ந்ததும் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடைக் கொசு, அதாவது க்யூலெக்ஸ். அது மலேரியாவைப் பரப்பாது. பகலில் கணுக்காலில் கடிக்கும் புள்ளிக் கொசு டெங்குக்கு உரியது. மலேரியாவைப் பரப்புவது அனோபிலஸ் ஒன்றுதான், அதிலும் சில இனங்கள் மட்டும். அடையாளம் சுலபம். சுவரில் உட்காரும்போது தலையைச் சுவரோடு வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு, குத்தி வைத்த முள் மாதிரிச் சாய்வாக நிற்கும். சாக்கடைக் கொசு முதுகைக் கூனிக்கொண்டு சுவரோடு படிந்து உட்காரும். புழுவிலும் வித்தியாசம் தெரியும். மற்றக் கொசுக்களின் புழு, வாலில் உள்ள மூச்சுக்குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. தண்ணீரின் மேல்பரப்பிலேயே படுக்கைவாட்டில், துரும்பு மிதப்பது போலக் கிடக்கும். கையின் நிழல் பட்டால் பின்பக்கமாகத் துள்ளி நகரும். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இது தெரிந்தால் புகை ஏன் வீண் என்பதும் புரியும். மாலை ஆறு மணிக்குத் தெருவில் அடிக்கும் புகை, அந்த நேரத்தில் அந்த இடத்தில் பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். அனோபிலஸ் கடிப்பது பொழுது அடைந்ததிலிருந்து விடியும் வரை. புகை போகும் நேரத்தில் அவற்றில் பல வீட்டுக்குள் பரணிலோ மாட்டுக் கொட்டிலிலோ பதுங்கியிருக்கும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் புகை ஒன்றும் செய்யாது. அடுத்த இரண்டு நாளில் புதுக் கொசு பறந்துவிடும். நோய் பரவிக்கொண்டிருக்கிற தெருவில் புகைக்கு ஒரு சிறு இடம் உண்டு. அதைச் செய்ய வேண்டியது உள்ளாட்சி, நன்கொடைப் பணம் அல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. மலேரியா நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. கிருமி அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாள் ஆகும். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கொசு ரத்தம் தேடி வரும். ஆக, ஆபத்தான கொசுவாக மாறுவதற்கு முன் அது மூன்று நான்கு முறையாவது தூங்குகிற மனிதர்களிடம் வந்தாக வேண்டும். அந்த ஒவ்வொரு முறையும், கொசுவைக் கொல்லும் மருந்து ஏற்றிய வலையில் உட்கார்ந்தால் கிழட்டுக் கொசுவே ஊரில் மிஞ்சாது. வலைக்குள் தூங்குபவருக்கு மட்டுமின்றி, ஊரில் பலர் கட்டினால் பக்கத்து வீட்டில் வலை இல்லாதவருக்கும் பலன் கிடைப்பது இதனால்தான்.

மதுரையில் இன்று மலேரியா குறைவு. பெரியாற்று அணை கட்டிய 1887-95 காலத்தில் மலைக்காய்ச்சல் கூலி ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊரில் இன்றைய இளம் பெற்றோருக்கு அந்தக் காய்ச்சலின் பெயர்கூட மறந்துவிட்டது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றுவிட்டது. இந்தியா 2030ஐ இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் உலகக் கணக்கு வேறு. 2023இல் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, 5.97 லட்சம் பேர் மரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த மரணங்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதில் வலை, மருந்து வேலைகளில் பெரிய துண்டு விழுந்தது. குழந்தை உயிர்தான் குறி என்றால், கொடுக்கிற பணத்தில் ஒரு பங்காவது கடல் தாண்டிப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. “நம் ஊருக்கே செய்ய ஆயிரம் இருக்கிறது” என்பார்கள். இருக்கிறது. அதையும் பின்னால் சொல்கிறோம்.

ஆப்பிரிக்காவுக்குப் போகும் வலைகளில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்துதான் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. கரூரில் கொசுவலைத் துணி நெய்வது பழைய தொழில். அங்குள்ள ஆலைகள் பாலிஎத்திலீன் இழையிலேயே ஆல்ஃபா சைபர்மெத்ரின் மருந்தைக் கலந்து, உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி பெற்ற நீடித்த வலைகளைத் தயாரிக்கின்றன. மருந்து மேலே பூசப்படாமல் இழைக்குள்ளேயே இருப்பதால், துவைக்கத் துவைக்க உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து வரும். இருபது துவைப்பு, மூன்று ஆண்டு என்பது இந்த வகை வலைக்கு வைத்திருக்கும் அளவுகோல். சாதா வலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், குழந்தை தூக்கத்தில் காலை நீட்டி வலையை ஒட்டிப் படுக்கும்போது தெரியும். சாதா வலையில் கொசு வெளியே உட்கார்ந்தபடியே ஓட்டை வழியாகக் கடித்துவிடும். மருந்து வலையில் உட்கார்ந்த கொசு கால் மடங்கி விழும்.

சில பகுதிகளில் கொசு இந்த மருந்து வகைக்குப் பழகிவிட்டது. அங்கே பி.பி.ஓ. என்ற துணைப்பொருள் சேர்த்த வலை, அல்லது குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த வலை தேவை. பி.பி.ஓ., கொசு தன் உடலில் மருந்தை முறிக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கும். குளோர்ஃபெனாபிர் வேறு வழியில், கொசுவின் உடல் சக்தி உண்டாக்குவதையே நிறுத்தும். 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டாம் வகையைப் பரிந்துரைத்தது. விலை சற்றுக் கூட. எனவே எந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “அந்த ஊர்க் கொசுவுக்கு எந்த மருந்து பலிக்கிறது என்று பார்த்துத்தான் வலை வாங்கினீர்களா?” என்பது.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் அமைப்புகள் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன், பொதுமக்கள் கொடுக்கும் பணம் முழுவதையும் வலை வாங்குவதற்கே செலவிடுகிறது. எந்த நாட்டின் எந்த விநியோகத்துக்கு உங்கள் பணம் போனது என்று காட்டுகிறது. வலை கொடுத்து முடிந்த பின்னும் மாதங்கள் கழித்து, வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வலை தொங்குகிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க ஏற்பாடு செய்கிறது. கொடுத்த எண்ணிக்கையை விடத் தொங்குகிற எண்ணிக்கைதான் முக்கியம். வலை ஒன்றின் விலை இரண்டு மூன்று டாலர். கப்பல், லாரி, வீடு வீடாகக் கணக்கெடுப்பு எல்லாம் சேர்த்தால் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் ஆகலாம்.

“ஒரு வலை, ஓர் உயிர்” என்று எழுதும் விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். வலையே இல்லாத ஊர்களில் நடந்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆயிரம் குழந்தைகளை மருந்து வலைக்குள் வைத்தால் ஆண்டுக்கு ஐந்து ஆறு உயிர் பிழைத்தது தெரிந்தது. இன்று பல நாடுகளில் மரணம் குறைந்திருக்கிறது. வலை கிடைத்தவர்களுக்கே மறுபடி கிடைப்பதும் உண்டு. அதனால் ஓர் உயிரைக் காக்க இப்போது சில ஆயிரம் டாலர் ஆகும் என்று கிவ்வெல் என்ற மதிப்பீட்டு அமைப்பு கணக்கிடுகிறது. சிலருக்கு இது அதிகமாகத் தெரியலாம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இரண்டு வாரம் ஐ.சி.யு.வில் இருந்தால் வரும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுப்பு வேலைகளால் தவிர்க்கப்பட்ட மலேரியாவில் 68 சதவீதம் வலையால் வந்தது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

வலைக்கு அடுத்து, மழைக்கால மருந்து. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டையில், ஆண்டு மலேரியாவில் பெரும்பகுதி மழை பெய்யும் நாலு மாதத்திலேயே வந்துவிடும். அங்கே 3 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். முதல் நாள் சல்ஃபாடாக்சின் பைரிமெத்தமின் ஒரு வேளை, கூடவே அமோடியாக்வின். இரண்டாம் மூன்றாம் நாள் அமோடியாக்வின் மட்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாதி அளவு. கொடுத்து அரைமணிக்குள் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு இதைக் கொடுக்காமல் முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். சரியாகச் செய்தால் அந்தப் பருவத்தில் நாலில் மூன்று மலேரியாக் காய்ச்சல் தவிர்ந்துவிடும். எங்கே சறுக்கும் என்றால், பணியாளர் போன பிறகு தாய் வீட்டில் கொடுக்க வேண்டிய இரண்டாம், மூன்றாம் நாளில். மாத்திரை கசக்கும், பிள்ளை துப்பும், தாய் வயலுக்குப் போக வேண்டும். அதனால் இப்போது தண்ணீரில் கரையும், கசப்பு மறைத்த மாத்திரை வந்திருக்கிறது. மலேரியா கன்சார்ட்டியம் போன்ற அமைப்புகள் பணம் திரட்டுவது இந்த வேலைக்குத்தான். ஒரு எச்சரிக்கை: இது நம் நாட்டுத் திட்டத்தில் கிடையாது. யாரும் மருந்துக்கடையில் வாங்கித் தங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

தடுப்பூசி பற்றி நிறையக் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஆர்21, புனேயில் சீரம் நிறுவனம் தயாரிப்பது. பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதும் தொடங்கி நாலு தவணை. பாதுகாப்பு முழுமையானதல்ல. ஊசி போட்ட பிள்ளையும் வலைக்குள்தான் தூங்க வேண்டும். இதன் செலவு அரசுகளும், தடுப்பூசிக்கு நிதி தரும் காவி (Gavi) போன்ற பன்னாட்டு அமைப்புகளும் சுமப்பது, தனிநபர் நன்கொடைக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

பணம் அனுப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனிநபர் தன் வங்கி மூலம், ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தின் கீழ் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்பலாம். அதற்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. வருமான வரி விலக்கு பெற்ற உள்ளூர் அறக்கட்டளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செலவழித்த தொகைக்கு வரி விலக்கு போய்விடும். எனவே சங்கத்தின் பெயரில் அனுப்புவதை விட, உறுப்பினர்கள் தனித்தனியாக அனுப்புவது தொல்லை இல்லாதது. உள்நாட்டு அமைப்புக்குக் கொடுத்தாலும் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ செய்யுங்கள். ரோட்டரி உறுப்பினர்களுக்கு இன்னொரு வழி, தங்கள் சர்வதேச ஃபவுண்டேஷன். ஜாம்பியாவில் மலேரியா வேலைக்காக 2021இல் 20 லட்சம் டாலர் கொடுத்தது அதுதான்.

இனி உள்ளூர். நம் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மலேரியா ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஊருக்கு வெளியே செங்கல் சூளையிலும், மேலூர்ப் பக்கம் கல் குவாரிகளிலும், அடுக்குமாடி கட்டும் இடங்களிலும் தகரக் கொட்டகையில் தூங்கும் பிள்ளைகளைத்தான் காட்டுவோம். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். அந்த மாநிலங்களில் மலேரியா இன்னும் இருக்கிறது. ஒடிசா 2017இல் ஒரு கோடிக்கும் மேல் மருந்து வலைகளைக் கொடுத்து, எட்டாத மலைக் கிராமங்களில் முகாம் போட்டு ரத்தம் பார்த்து, நோயைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. ஆனால் அங்கே கொடுத்த வலை இங்கே கொட்டகைக்கு வருவதில்லை. “அவர்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள்” என்று பேசுவது எங்களுக்குப் பிடிக்காது. கிருமி அங்கிருந்து வந்திருக்கலாம், கொசு நம் ஊர்க்காரர். குவாரிக் குழியில் தேங்கிய தெளிந்த தண்ணீரிலும், கட்டடத்தின் லிஃப்ட் குழியிலும், கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் தொட்டியிலும் அதை வளர்ப்பது நாம்.

ஒரு சூளைக்கு வலை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது குடும்பம், 160 பேர். குடும்பத்துக்கு ஒன்று என்று நாற்பது வலையோடு போவது வழக்கமான தப்பு. இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது நெறி. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு, ஐந்து பேருக்கு மூன்று தேவைப்படுவதால், மொத்த ஆட்களை 1.8ஆல் வகுக்க வேண்டும். 160க்கு 89 வலை. ஐம்பது வலைக் கட்டாக வாங்கினால் இரண்டு கட்டு. மீதியைக் கங்காணியிடம் விடாமல், பிறகு வரும் குடும்பங்களுக்கென்று கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படையுங்கள். பணம் போதாவிட்டால் எல்லாருக்கும் ஒன்று என்று பங்கிடாமல், கர்ப்பிணியும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையும் உள்ள வீடுகளுக்கு முதலில் முழுதாகக் கொடுங்கள்.

வாங்கும்போது பையின் மேல் எழுத்தைப் படியுங்கள். மருந்தின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். ஆல்ஃபா சைபர்மெத்ரின் கலந்த பாலிஎத்திலீன் வலை என்றால் கிலோவுக்கு 5.8 கிராம், டெல்டாமெத்ரின் பூசிய பாலியெஸ்டர் வலை என்றால் சதுர மீட்டருக்கு 55 மில்லிகிராம் என்பது போல. மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண் இல்லாமல் வெறுமே ‘மெடிக்கேட்டட்’ என்று அச்சடித்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நிறம் வெள்ளை வேண்டாம். சூளைத் தூசியில் வாரத்துக்கு ஒருமுறை துவைப்பார்கள், இருபது துவைப்பு ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். நீலமோ பச்சையோ நல்லது.

கொடுக்கும் இடத்திலேயே உறையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். சீல் பிரிக்காத வலை அடுத்த சந்தைக்குப் போகும், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையில் காசில்லாத வாரம் எல்லாருக்கும் வரும். பிரித்த வலையை ஒரு நாள் முழுக்க நிழலில் விரித்துக் காற்றாட விட வேண்டும். உடனே கட்டினால் முகம் குறுகுறுக்கும், கண் எரியும், குழந்தை அழும், வலை அன்றைக்கே பரணுக்குப் போகும். வெயிலில் காயப்போட்டால் மருந்து சிதைந்துவிடும்.

தொங்கவிடுவதில்தான் பாதி வலை வீணாகிறது. தகரச் சுவரில் ஆணி நிற்காது. கொட்டகையின் இரண்டு பக்கமும் மரத்தூணிலிருந்து மரத்தூணுக்கு நைலான் கயிறு இரண்டு, வலையின் அகலத்துக்குச் சரியாக, கொடி கட்டுவது போல இழுத்துக் கட்டி, வலையின் காதுகளை அதில் முடிய வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்கு 150 செ.மீ. உயர வலை போதும், அதில் ஒரு சாணாவது பாய்க்கு அடியில் செருகி இருக்க வேண்டும். உள்ளே கட்டிலில் படுப்பவர்களுக்கு 180 செ.மீ. வாங்குங்கள். சித்திரையில் யாரும் தகரத்துக்குள் படுப்பதில்லை, வெளியே கயிற்றுக் கட்டிலுக்கு வந்துவிடுவார்கள். அப்போது வலை உள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும், பிள்ளை வெளியே கடி வாங்கிக்கொண்டிருக்கும். எனவே ஒரு வலைக்கு ஆறடிச் சவுக்குக் கம்பு நாலு சேர்த்துக் கொடுங்கள், கட்டில் கால்களில் வரிந்து கட்டிக்கொள்வார்கள். வலையின் விலையோடு ஒப்பிட்டால் கம்பின் செலவு சொற்பம், அது இல்லாவிட்டால் கோடை முழுவதும் வலை பாழ். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் என்றால் காலையில் வலையைச் சுருட்டி முறுக்கி மேலே செருகச் சொல்லுங்கள். பாலிஎத்திலீன் பொறி பட்டாலே ஓட்டை விழும். ஓட்டையை ஊசி நூலால் தைத்தால் போதும்.

துவைப்பது சாதாரணச் சோப்புக் கட்டியால், குளிர்ந்த தண்ணீரில், கையால் அலசி. சலவைத்தூளும் பிளீச்சிங்கும் மருந்தைப் பிடுங்கிவிடும். கல்லில் அடிக்கக் கூடாது. வாய்க்காலிலோ கண்மாயிலோ அலசவே கூடாது, இந்த மருந்து மீனுக்கு விஷம். அலசிய தண்ணீரைக் கிணற்றை விட்டுத் தள்ளி மண் குழியில் ஊற்றச் சொல்லுங்கள். இந்த விவரங்களை ஹிந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், பேனருக்கு ஆகும் காசை விட அதிகப் பலன்.

வலை கொடுக்கப் போகிற நாளிலேயே வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, காய்ச்சல் உள்ளவர்களுக்கும் கடந்த ஒரு மாதத்தில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் ரத்தம் பார்க்கச் செய்யுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு, ஆர்.டி.டி. என்ற உடனடிப் பரிசோதனைக் கிட்டில் பதினைந்து இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும், கூடவே ரத்தத் தடவல் எடுத்து மைக்ராஸ்கோப்புக்குப் போகும். இரண்டும் இலவசம். மலேரியாவில் ஃபால்சிபாரம் வகை சிறு பிள்ளையை ஓரிரு நாளில் மூளைவரை தாக்கிவிடும், எனவே குளிர் காய்ச்சல் வந்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. வைவாக்ஸ் வகையில் வேறு தொல்லை: கிருமி ஈரலில் ஒளிந்துகொண்டு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதற்குப் பதினாலு நாள் பிரைமாக்வின் சாப்பிட வேண்டும், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்து ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. சங்கங்கள் உதவ வேண்டியது இங்கேதான், பதினாலு நாளும் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள்.

கிட் வாங்கித் தருகிறோம் என்று சிலர் முன்வருகிறார்கள். வேண்டாம். அது 40 டிகிரிக்கு மேல் தாங்காது. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டும். பார்க்க நல்ல கிட் போலவே இருக்கும் என்பதுதான் அதன் ஆபத்து. நிலவேம்புக் குடிநீர் வழங்குவதையும் தயவுசெய்து மலேரியாத் தடுப்பு என்று நோட்டீசில் போடாதீர்கள்.

கடைசியாக, காசே அதிகம் ஆகாத வேலை. நகரத்து அனோபிலஸ் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும்: மாடித் தொட்டி, தரைத் தொட்டி, கிணறு. 2003இல் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிகள் பலவற்றில் மூடி உடைந்து கிடக்கிறது. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், எனவே வாரத்தில் ஒரு நாள் குறித்துவைத்துச் சிறு தொட்டிகளை வற்றவிட வேண்டும். அனோபிலஸ் முட்டை நீரில் மிதப்பது, தண்ணீரோடு போய்விடும். டெங்குக் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், அதற்காகத் தேய்த்தும் கழுவுங்கள். கிணற்றுக்கு, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து 1,000 லிட்டருக்கு 2 மி.லி. பத்தடி விட்டத்தில் பத்தடி தண்ணீர் நின்றால் சுமார் 22,000 லிட்டர், 44 மி.லி. வேண்டும். மூடியால் அளந்து குத்துமதிப்பாக ஊற்றினால் ஒன்று புழு சாகாது, இல்லை தண்ணீர் நாறும். அதை வாரந்தோறும் சுகாதாரப் பணியாளர் ஊற்றட்டும், நீங்கள் வாசல் கதவைத் திறந்துவிட்டால் போதும். கம்பூசியா மீன் கிணற்றுக்குச் சரி, ஒன்று நாளைக்கு நூறு புழுவுக்கு மேல் தின்னும். கண்மாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும், அப்புறம் அயிரைக்கு எங்கே போவது?

மாடித் தொட்டியில் மூடியைச் சரியாகப் போட்டவர்கள்கூட நிரம்பி வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். கொசு நுழைவது அந்த ஒரு அங்குல ஓட்டை வழியாகத்தான். கிழிந்த கொசுவலையில் நாலு விரற்கடைத் துண்டு வெட்டி, குழாய் வாயில் போர்த்தி, சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் நறுக்கி இறுக்கிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி உதறிக் கட்ட வேண்டும். பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் மூடியைத் தூக்கிக்கொண்டு வழியும், மறுநாள் மூடி திறந்தே கிடக்கும்.

இப்படிக்கு,
பூச்சியியல், பொது சுகாதாரப் பணி அறிந்த சிலர்,
மதுரை.